ஓவர்குக்ட்: வாங்கும் முன்பும் சண்டை வந்த பின்பும் கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து விளையாடிவிட்டுப் போன உறவினர்களும் நண்பர்களும் ஆளுக்கொன்றாகக் கேட்ட கேள்விகள் இவை. சிலர் வாங்குவதற்கு முன் கேட்டார்கள். சிலர் வாங்கிய பிறகு, கொஞ்சம் கோபத்தோடு கேட்டார்கள். இந்த வரிசையில் நான் விளையாடியிருக்கும் மூன்று வெளியீடுகளை வைத்துப் பதில் சொல்கிறேன். புகழவும் குறை சொல்லவும் என்னிடம் நிறைய உண்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இது என்ன விளையாட்டு?

ஒரே திரையில் நான்கு பேர் வரை சேர்ந்து ஒரு சமையலறையை நடத்தும் வீடியோ கேம். திரையின் மேல் ஓரத்தில் ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும். காய் நறுக்க வேண்டும், அடுப்பில் ஏற்ற வேண்டும், கருகுவதற்குள் இறக்க வேண்டும், தட்டில் வைத்துப் பரிமாறும் ஜன்னலில் கொடுக்க வேண்டும். எச்சில் தட்டு திரும்பி வந்தால் அதையும் நீங்கள்தான் கழுவ வேண்டும். ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவில் புள்ளிகளைக் கூட்டி, ஒன்றிலிருந்து மூன்று நட்சத்திரம் வரை தருவார்கள். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

யார் உருவாக்கியது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் கோஸ்ட் டவுன் கேம்ஸ். ஃபில் டங்கன், ஒலி டிவைன் என்ற இருவர் தொடங்கிய சின்னஞ்சிறு நிறுவனம். வெளியிட்டது டீம்17. முதல் விளையாட்டு 2016 ஆகஸ்டில் வந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டு, சிறந்த குடும்ப விளையாட்டு என இரண்டு பரிசுகளைத் தட்டிச் சென்றது. ஓவர்குக்ட் 2 வெளியானது 2018 ஆகஸ்டில். இரண்டையும் சேர்த்து மெருகேற்றிய 'ஆல் யூ கேன் ஈட்' தொகுப்பு 2020 நவம்பரில் புதிய கன்சோல்களுக்கும் (டிவியோடு இணைத்து விளையாடும் கருவிகள்), 2021 மார்ச்சில் கணினிக்கும் பழைய கன்சோல்களுக்கும் கிடைத்தது.

வெங்காயம் நறுக்குவதில் அப்படி என்ன பரபரப்பு?

வெளியிலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு சூப்புக்கு மூன்று வெங்காயம். மூன்றையும் நறுக்கிப் பானையில் போட்டால் வேகும், வெந்ததும் தட்டில் ஊற்றிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இந்த விளையாட்டில் கடினமான வேலை ஒன்றுகூட இல்லை.

வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவதில்தான் கஷ்டம். சுஷி லெவல் ஒன்றில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அரிசி அடுப்பில் இருக்கிறது. என் தம்பி மீன் நறுக்குகிறான். அவன் மனைவி கடற்பாசி எடுத்து வைக்கிறாள். நான் தட்டு கழுவுகிறேன். அரிசி வெந்துவிட்டது. இறக்கலாம் என்றால் தட்டு இல்லை. இருக்கும் கடைசித் தட்டில் வெறும் கடற்பாசியை வைத்து யாரோ மேடையில் விட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று கேட்பதற்குள் பானையின் மேல் சிவப்பு எச்சரிக்கை துடிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று பேரும் அடுப்பை நோக்கி ஓடினோம். மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகும் அளவுக்குத்தான் வழி. மூவரும் அங்கே முட்டிக்கொண்டு நின்றோம். பானை தீப்பிடித்தது, பக்கத்து மேடைக்கும் பரவியது. தீயணைப்பான் இருந்தது, தட்டு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். நான் விட்டுவிட்டு வந்த அதே இடத்தில்.

இந்தக் களேபரம் முழுக்க முப்பது விநாடிகூட இருக்காது. அதற்குள் மூன்று பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். சோபாவில் உட்கார்ந்தபடி இதை விளையாடி முடித்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

சமையல் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உப்பு என்ற ஒன்றே இந்த விளையாட்டில் கிடையாது. தரையில் கிடக்கும் மீனை எடுத்துப் பரிமாறினாலும் வாடிக்கையாளர் வாயைத் திறக்கமாட்டார்.

இதன் பெரிய பலம் எது?

பேச வைக்கிறது.

நாலு பேர் சேர்ந்து விளையாடும் பல விளையாட்டுகளில் நாலு பேரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், திரை மட்டும்தான் பொது. இங்கே வாயை மூடிக்கொண்டு விளையாடினால் இரண்டாவது நிமிடத்தில் சமையலறை நின்றுவிடும். "தட்டு வேண்டும்", "அரிசி என் பொறுப்பு", "வழி விடுங்கள்", "அடுத்தது தக்காளி சூப்" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வைத்திருப்பவரும் இலை போடுபவரும் ஒருவரையொருவர் கூவிக் கூப்பிடுவார்களே, அந்தச் சத்தம்தான் இங்கேயும் கேட்கும். பள்ளி முடித்து இரண்டு ஆண்டுகளாக வீட்டில் யாரோடும் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத என் அக்கா மகன், முதல் நாள் மாலை தாத்தாவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். தாத்தாவும் "இதோ, இதோ" என்று வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

அடுத்த பலம், சமையலறைகளின் வடிவமைப்பு. நீங்கள் நாலு பேர் எப்படியோ ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுவீர்கள்: ஒருவர் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் பரிமாற, ஒருவர் கழுவ. வந்த கையோடு விளையாட்டு அதை உடைத்துவிடும். கடற்கொள்ளையர் கப்பல் ஆடும்போது மேடைகள் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். நெடுஞ்சாலையில் பக்கம் பக்கமாக ஓடும் லாரிகள் மேல் ஒரு சமையலறை உண்டு; லாரிகள் விலகிவிட்டால் நறுக்கும் பலகை அங்கே, அடுப்பு இங்கே. பனிப்பாறை மேல் கால் வழுக்கித் தண்ணீரில் விழுவோம். நிலநடுக்கம் வந்து தரை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மேலே போய்விடும் லெவலும் உண்டு. இரண்டாம் விளையாட்டின் தொடக்கத்திலேயே வெப்பக்காற்று பலூனில் பறந்துகொண்டு சாலட் செய்துகொண்டிருப்போம். பலூன் நேராக ஒரு சுஷி கடையின்மேல் விழுந்து நொறுங்கும். பாதிச் சுற்றில் உணவு வகையே மாறிவிடும். முதல்முறை அது நடந்தபோது எங்களில் ஒருவருக்கும் கை ஓடவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, மாற்றம் திடீரென்று வந்தாலும் அநியாயமாக வருவதில்லை என்பது. கப்பல் ஆடுவதில் ஒரு தாளம் இருக்கிறது. லாரிகள் எப்போது சேரும் என்பதைக் கவனித்தால் கணித்துவிடலாம். இரண்டாவது முறை அதே லெவலுக்குப் போகும்போது, "அது பிரியப் போகிறது, மீனை இந்தப் பக்கம் எடுத்துக்கொள்" என்று சொல்ல முடிகிறது. அந்த இடத்தில்தான் நாலு பேர் ஒரு குழுவாக மாறுகிறார்கள்.

வீட்டில் சண்டை வருமாமே?

வரும். அதற்குக் காரணம் விளையாடுபவர்களின் குணம் மட்டுமல்ல. விளையாட்டின் அமைப்பே சண்டைக்கு இடம் கொடுக்கிறது, அதைக் குறையாகவே சொல்வேன்.

இங்கே எல்லோருடைய தவறும் எல்லோருக்கும் தெரியும். தாயத்தில் தோற்றால் காயைத் திட்டலாம். கிரிக்கெட் விளையாட்டில் தோற்றால் எதிரணி நன்றாக ஆடியது என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே எதிரணி என்று ஒன்று இல்லை. அரிசி கருகியது என்றால் அரிசியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார், அவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். குறித்த நேரத்தில் போகாத ஆர்டருக்குப் புள்ளி கழியும்போது அதுவும் திரையில் எல்லோர் கண்ணிலும் படும். ஓவர்குக்ட் 2-இல் ஆர்டர்களை வந்த வரிசையிலேயே கொடுத்தால் டிப்ஸ் நான்கு மடங்கு வரை பெருகும். வரிசை தவறினால் மறுபடி முதலிலிருந்து. யாரோ நல்ல மனதோடு, கையில் தயாராக இருந்த மூன்றாவது ஆர்டரை முதலில் கொடுத்துவிடுவார்கள். நாலு மடங்கு காணாமல் போகும். "யார் அதைக் கொடுத்தது?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் எத்தனை முறை எழுந்தது என்று எண்ணி முடியாது.

இன்னொன்றும் உண்டு. பழகியவரும் பழகாதவரும் சேர்ந்து ஆடும்போது, பழகியவர் மேலாளர் ஆகிவிடுகிறார். "நீ நறுக்கு. வேறெதையும் தொடாதே." சொல்பவர் உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். கேட்பவருக்கோ விடுமுறை நாளில்கூட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நான் அந்த மேலாளராக இருந்திருக்கிறேன். சுற்று முடிந்ததும் என் மனைவி கன்ட்ரோலரை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். எனக்கு மட்டும் தேநீர் வரவில்லை.

முதல் விளையாட்டில் திட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் உங்கள் சமையல்காரரின் தலைக்கு மேல் குறியீடுகளால் மறைத்த ஒரு வசவு தோன்றும். இதை உருவாக்கிய இருவருக்கும் விஷயம் தெரிந்தே இருந்திருக்கிறது.

சண்டையைக் குறைக்க வழி உண்டா?

எங்கள் அனுபவத்தில் மூன்று பலித்தன. லெவலுக்கு லெவல் வேலையை மாற்றிக்கொள்வது; ஒருவரே தட்டு கழுவிக்கொண்டிருந்தால் ஏழாவது சுற்றில் எரிச்சல் நிச்சயம். தோற்ற லெவலை உடனே மறுபடி தொடங்காமல், ஒரு நிமிடம் சமையலறையின் படத்தைப் பார்த்துப் பேசுவது. மூன்றாவது, "யார்" என்று கேட்காமல் "எங்கே" என்று கேட்பது. "யார் தட்டை எடுத்தது?" என்றால் விசாரணை. "தட்டு எங்கே?" என்றால் வேலை.

நட்சத்திரம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஓரளவுக்கு ஆம், அதுவும் ஒரு குறைதான். பிந்தைய லெவல்கள் திறக்க குறிப்பிட்ட எண்ணிக்கையில் நட்சத்திரங்கள் சேர்ந்திருக்க வேண்டும். நிதானமாக விளையாடும் குடும்பம் ஒரு லெவலுக்கு ஒரு நட்சத்திரம் என்று வாங்கிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கதவு மூடியிருக்கும். பழைய லெவலுக்குத் திரும்பிப் போய்ப் புள்ளி தேட வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று தேர்வுக்குப் படிக்கும் கூட்டமாக மாறுவது அப்போதுதான்.

இரண்டு நட்சத்திரம் வரைக்கும் இது விருந்து விளையாட்டு. மூன்றாவதைத் துரத்தத் தொடங்கினால் அது வேறு விளையாட்டு: ஒவ்வொரு அடியும் கணக்கு, ஒவ்வொரு மோதலும் இழப்பு. அந்த விளையாட்டும் நல்ல விளையாட்டுதான், நானும் தம்பியும் நள்ளிரவில் அதைத்தான் ஆடுவோம். விருந்தினர் இருக்கும்போது ஆடுவதில்லை.

தனியாக விளையாடலாமா?

முடியும். இரண்டு சமையல்காரர்களை ஒருவரே மாறி மாறி இயக்க வேண்டும். ஒருவரை நறுக்க விட்டுவிட்டு மற்றவருக்கு மாறினால் முதலாமவர் நறுக்கிக்கொண்டே இருப்பார். மூளைக்கு வேலைதான். ஆனால் இந்த விளையாட்டின் உயிரே பேச்சு என்றேனே, தனியாக ஆடும்போது அது இல்லை. மிச்சம் இருப்பது ஒரு நேர மேலாண்மைப் பயிற்சி. அதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

இரண்டு பேர் மட்டும் இருந்தால்?

நன்றாகவே இருக்கும். சிலர் நான்கு பேரைவிட இதுதான் மேல் என்பார்கள், நானும் அந்தக் கட்சிக்குப் பாதி ஆதரவு. இடநெருக்கடி குறைவு, யார் எதைச் செய்கிறார் என்பது தெளிவு. ஓவர்குக்ட் 2-இல் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நட்சத்திரத்துக்கான புள்ளியும் மாறும் என்பதால், ஆள் குறைவு என்று தண்டனை இல்லை. நான்கு பேருக்குக் கூச்சலும் இடிபாடுமே பாதி இன்பம். இரண்டு பேருக்கு, வார்த்தை இல்லாமலே ஒத்துப்போகும் அந்தச் சில விநாடிகள்.

எத்தனை கன்ட்ரோலர் வேண்டும்?

ஆளுக்கு ஒன்று இருந்தால் நிம்மதி. கணினியில் விசைப்பலகையையும் ஒருவர் பயன்படுத்தலாம். ஒரே கன்ட்ரோலரை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளும் வசதியும் உண்டு: இடது குச்சியும் இடது மேல் பொத்தான்களும் ஒருவருக்கு, வலது பக்கம் மற்றவருக்கு. கேட்க அழகாக இருக்கிறது. பெரியவர்கள் இருவர் ஒரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஒருவர் பதற்றத்தில் கையைத் தூக்கினால் மற்றவரின் சமையல்காரர் கடலில் விழுவார். குழந்தைகளுக்குச் சரி.

மலிவான கன்ட்ரோலர் வாங்கும் முன் ஒரு வார்த்தை. நான் ஒரு கடையில் இரண்டு வாங்கினேன். ஒன்றின் குச்சி மூன்றே மாதத்தில் தானாக இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. அதை யார் பிடிக்கிறாரோ அவருடைய சமையல்காரர் குடித்தவர்போல் சாய்ந்தபடி நடப்பார். விருந்தினரிடம் அதைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தம்பி அதை மீறியிருக்கிறான்.

கன்ட்ரோலர் பிடித்தே பழக்கமில்லாதவர்களை என்ன செய்வது?

இது உண்மையான பலவீனம். 'எல்லோரும் ஆடலாம்' என்ற பெயர் இதற்கு உண்டு. விதிகளைப் பொறுத்தவரை அது உண்மை, பொத்தான்களும் நான்கைந்துதான். ஆனால் குச்சியால் ஓர் உருவத்தைச் சரியான மேடைக்கு முன் கொண்டுபோய் நிறுத்துவது, பழகாத கைக்கு மிகவும் கடினம். மேடையைப் பார்த்து நிற்காவிட்டால் பொருள் தரையில் விழும், அல்லது பக்கத்து மேடையில் போய் உட்காரும். தொடக்க லெவல்கள் கற்றுக்கொடுக்கின்றன, ஆனால் அவற்றின் வேகம் முன்பே விளையாடிப் பழகியவர்களுக்கு ஏற்றது.

எங்கள் அம்மா இரண்டு சுற்று ஆடிப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்தவர், தக்காளியை எடுத்துக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டே நின்றார். "இது என் கைக்கு வராது" என்று கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு மனது கஷ்டமாக இருந்தது. அடுத்த சுற்றில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்த மூலை அடுப்பில் அரிசி முடியப் போகிறது." சற்று நேரம் கழித்து, "தட்டு ஒன்றுதான் இருக்கிறது, யாராவது கழுவுங்கள்." பிறகு, "இரண்டு பேரும் மீன் நறுக்குகிறீர்கள், எதற்கு?"

அந்தச் சுற்றில் எங்களுக்கு அதுவரை கிடைக்காத மூன்று நட்சத்திரம் கிடைத்தது. கன்ட்ரோலர் கையில் உள்ள நாலு பேரும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுப்பு முழுவதையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அன்றிலிருந்து அம்மாதான் எங்கள் ஐந்தாவது ஆள். விளையாட்டில் இப்படி ஒரு பொறுப்பே கிடையாது. யாராவது விளையாடத் தெரியாது என்று ஒதுங்கினால் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு ஏற்றதா?

ஐரோப்பிய வயது மதிப்பீட்டில் 3 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. வன்முறையோ ஆபாசமோ இல்லை. மூன்று வயதில் ஆட முடியும் என்பது அதன் பொருள் அல்ல. ஏழெட்டு வயதில் பிடித்துக்கொள்வார்கள். ஆர்டர்கள் படங்களாகவே வருவதால் ஆங்கிலம் படிக்கத் தெரியாத குழந்தையும் ஆடலாம். தோற்றதும் அழும் குழந்தையாக இருந்தால், நேரக் கெடுபிடி அதன் முகத்தைச் சுருக்கிவிடும். அடுத்த கேள்விக்கான பதில் அவர்களுக்கும்தான்.

ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோட் ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. 'ஆல் யூ கேன் ஈட்' தொகுப்பில் வந்த நல்ல விஷயங்களில் இது முதலிடத்தில் இருக்கிறது. சுற்றின் நேரம் கூடும், ஆர்டர்கள் பொறுமையாகக் காத்திருக்கும், கொடுக்கும் உணவுக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும், எவ்வளவு முயன்றும் முடியாத லெவலைத் தாண்டியும் போகலாம். மேலே நான் புலம்பிய நட்சத்திரக் கதவுக்கு இதுதான் சாவி. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, எழுத்துகளை அடையாளம் காணச் சிரமப்படுவோருக்கான எழுத்துரு, நிறக்குருடு உள்ளவர்களுக்கான நிற மாற்றம் ஆகியவையும் இதில் சேர்ந்தன. முதல் இரண்டு விளையாட்டுகள் வந்தபோதே இவை இருந்திருக்க வேண்டும்.

வெளியூரில் இருப்பவர்களோடு இணையம் வழியாக ஆடலாமா?

எந்த வெளியீடு என்பதைப் பொறுத்தது. 2016-இல் வந்த முதல் விளையாட்டில் இணைய ஆட்டம் கிடையாது; ஒரே அறையில் இருக்க வேண்டும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியவர்கள், 2019-இல் அங்கே வந்த ரிமோட் பிளே டுகெதர் மூலம் ஒருவரின் திரையை மற்றவர்களோடு பகிர்ந்து ஆடலாம். இரண்டாவதில் இணைய ஆட்டம் வந்துவிட்டது. தொகுப்பில் முதல் விளையாட்டின் லெவல்களுக்கும் அது நீண்டது, கணினியில் இருப்பவரும் கன்சோலில் இருப்பவரும் சேர்ந்து ஆடும் வசதியும் வந்தது.

ஆடலாம் என்பது சரி. சுவைக்குமா என்றால் பாதிதான். இணைப்பில் சிறு தாமதம் வந்தாலும் பொருளை எடுப்பதும் வைப்பதும் தடுமாறும். அரை விநாடிதான், ஆனால் இந்த விளையாட்டே அரை விநாடிகளால் ஆனது. முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் பேச்சு இல்லை, சில பாவனைக் குறிகள்தான்; ஒருவர் நறுக்கியதை இன்னொருவர் குப்பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தெரிந்தவர்களாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு கைபேசி அழைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். துபாயில் இருக்கும் என் மைத்துனரோடு அப்படித்தான் ஆடுகிறோம். சமையலறை எரிவதைவிட அவர் வீட்டு இணைப்பு அறுந்துபோவதுதான் அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவதில் புதிதாக என்ன? பொருளை வீசலாமாமே?

ஆமாம். சமைக்காத பொருளை வீசலாம்: அறையின் மறுகோடியில் இருப்பவர் கையில் பிடித்துக்கொள்வார், குறி சரியாக இருந்தால் நேராகப் பானையிலேயே விழும். சமைத்ததையும் தட்டையும் வீச முடியாது. சின்ன மாற்றம்தான், ஆனால் சமையலறையின் அமைப்பையே மாற்றிவிட்டது. முதல் விளையாட்டில் நடந்துபோய்த்தான் ஆக வேண்டும், அதனால் இடிபாடு அதிகம். இரண்டாவதில் நடுவே பள்ளம், ஆறு என்று பிரித்துவிட்டு வீசச் சொல்கிறார்கள். ஆட்டம் வேகமாகிவிட்டது, முதல் விளையாட்டின் அந்த நெருக்கடி நகைச்சுவை கொஞ்சம் குறைந்துவிட்டது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் இரண்டாவது என்பேன், முதலாவதை நினைத்து ஒரு பெருமூச்சோடு.

கதை உண்டா?

இருப்பதாகச் சொல்லலாம். முதலாவதில், எவ்வளவு ஊட்டினாலும் பசி தீராத ஒரு பூதம் உலகை அழிக்க வருகிறது. வெங்காய ராஜா உங்களைச் சமையல் பழக 1993-க்கு அனுப்பிவைக்கிறார். இரண்டாவதில் அதே ராஜா வேண்டாத புத்தகத்தைப் படித்து, செத்த ரொட்டிகளை உயிரோடு எழுப்பிவிடுகிறார். ராஜாவின் நாய்க்குப் பெயர் கெவின். கதைக்காக யாரும் வாங்கமாட்டார்கள். நாய்க்காக வாங்கலாம்.

எவ்வளவு நாள் சலிக்காமல் இருக்கும்?

ஒரே குழுவாக ஆடினால், சில வாரங்களில் லெவல்கள் மனப்பாடமாகிவிடும். முன்னெப்போதும் பார்க்காத சமையலறையில் தடுமாறுவதுதான் இதன் சுவை. தெரிந்த சமையலறையில் மிஞ்சுவது புள்ளிக் கணக்கு. புதிய ஆட்கள் வந்தால் பழைய லெவலும் புதிதாகிவிடும். எங்கள் வீட்டில் வருடம் முழுக்க இது கிடப்பில்தான் கிடக்கிறது. விடுமுறைக்கு ஆள் கூடியதும் முதலில் எடுப்பதும் இதைத்தான்.

எதிர்எதிர் அணியாக மோதும் முறையும் இருக்கிறது. ஒருமுறை ஆடிப் பார்த்தோம், மறுபடி போகவில்லை.

மரியோ பார்ட்டி போன்றவற்றோடு ஒப்பிட்டால்?

1998-இல் தொடங்கிய மரியோ பார்ட்டியில் பகடையும் அதிர்ஷ்டமும் பாதி ஆட்டத்தை நடத்தும். எட்டு வயதுப் பிள்ளை பத்து ஆண்டு ஆடியவரைத் தோற்கடிக்கலாம். அதனால் திறமை ஏற்றத்தாழ்வு உள்ள கூட்டத்துக்கு அது நல்லது. ஆனால் அது ஒருவரையொருவர் வீழ்த்தும் ஆட்டம். ஓவர்குக்டில் எல்லோரும் ஒரே பக்கம். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியில்லை. சமையலறைதான் வேண்டும், ஆனால் கையில் வேகத்தைவிடத் தலையில் திட்டம் வேண்டும் என்பவர்களுக்கு 2022-இல் வந்த பிளேட்அப் உண்டு. அங்கே உணவகத்தின் அமைப்பை நீங்களே முடிவுசெய்யலாம், வேலைகளை இயந்திரங்களிடம் விடலாம்.

எதை வாங்கலாம்?

இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு 'ஆல் யூ கேன் ஈட்'. இரண்டு விளையாட்டுகளும், ஓவர்குக்ட் 2-க்குப் பின்னால் தனியாக விற்ற கூடுதல் பகுதிகளும், அசிஸ்ட் மோடும் சேர்ந்து 200-க்கும் மேற்பட்ட லெவல்கள். தள்ளுபடிக்குக் காத்திருங்கள், அடிக்கடி வரும். எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடையில் 2021 ஜூனில் ஓவர்குக்ட் 2-ஐ இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது எடுத்து வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் பலர் இருப்பீர்கள், முதலில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். மாலை நேரத்தில் இரண்டு மூன்று பேர் ஆடிப் பார்க்க அது போதும்.

எல்லோரும் பூனைச் சமையல்காரரையே கேட்கிறார்கள். என்ன செய்வது?

தேர்ந்தெடுக்கச் சமையல்காரர்கள் ஏராளம். சக்கர நாற்காலியில் வரும் ரக்கூன் முதல் விளையாட்டிலிருந்தே பலருக்குப் பிரியமானவர். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் வேகமோ திறமையோ மாறாது. இதைச் சொன்னால் குழந்தைகள் கேட்கமாட்டார்கள், பெரியவர்களும் கேட்கமாட்டார்கள். நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். பூனை யாருக்கு விழுகிறதோ, முதல் லெவலில் தட்டு கழுவும் வேலையும் அவருக்கே.